வண்டி வராத ஊர்

சத்தமில்லாத ஊர் ஒன்று வேண்டும் என்று அவளை மலைக்கு அனுப்பினார்கள். பனிமூட்டம் இருக்க வேண்டும், அருவி கண்ணில் பட வேண்டும், ஜனங்கள் இருக்கலாம் ஆனால் அதிகம் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரோடு இருக்கக் கூடாது. நகரத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு கூனிப்போனவர்களை மலைக்குக் கூட்டிப்போய் நாலு நாள் நடக்க விட்டு, அதற்குக் காசு வாங்குவதுதான் கம்பெனியின் தொழில். நடப்பதற்குக் காசு கொடுக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை அவள் வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை. அவளுடைய அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். "நடக்கிறதுக்கா? மூட்டைகூட இல்லாமலா?" என்று கேட்டுவிட்டு, மகள் தன்னைக் கேலி பண்ணுகிறாள் என்றே முடிவு கட்டிக்கொண்டார்.

கம்பெனியிடம் முன்பு இரண்டு ஊர்கள் இருந்தன. இரண்டுக்கும் ரோடு வந்துவிட்டது. ரோடு வந்ததும் வேன் வந்தது, வேனோடு பாட்டு வந்தது, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் அதைப் பற்றிப் பேசும்போது இழவு வீடு மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "நல்ல ஊரு, ரோடு வந்து கெட்டுப்போச்சு."

முதலாளியை சார் என்று கூப்பிடக் கூடாது, அண்ணன் என்று கூப்பிட வேண்டும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். அந்தக் குடும்பத்தில் டீ கொடுக்கிற அக்கா மட்டும் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஊர் தேடப் போகிற இவளுக்கு அங்கே 'மோப்பக்காரி' என்று பெயர். ஊர்களை மோந்து கண்டுபிடிப்பதால் வந்த பெயர். அவள் சிரித்துக்கொண்டாள். சுற்றுலா நிர்வாகத்தில் முதல் வகுப்பில் தேறி, பரம்பரையிலேயே முதல் ஆளாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டவள், நாய்க்குரிய பெயரை வைத்தாலும் சிரித்துத்தான் ஆக வேண்டும். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த சீசனுக்குள் ஊரைக் கண்டுபிடித்தால் ஆகும் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. ஊருக்குள் போனதும் ஒரு மேடான இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காதில் விழுகிற சத்தங்களை ஒவ்வொன்றாக மனசில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வழியைச் செல்போனில் அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். எதற்கு வந்திருக்கிறோம் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்துவிட்டால் குடிசைக்குக்கூட வாடகை ஏற்றிவிடுவார்கள். "சும்மா பாக்க வந்தேன்னு சொல்லு. அது பொய்யும் இல்லையே" என்பார் அண்ணன்.

அந்த ஊருக்குப் போகிற தார் ரோடு மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. பனியில் எதிரே எதுவும் தெரியாமல், கல்லையும் வேரையும் பிடித்துப் பிடித்து ஏறி, அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது பாதிப் பகல் முடிந்திருந்தது. முப்பது நாற்பது வீடுகள். எல்லாம் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவள் ஊர் முனையில் ஒரு பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். காற்று. எங்கோ ஒரு ஓடை. ஒரு ஆடு செருமியது. யாரோ துணியைக் கல்லில் அடித்தார்கள். அவ்வளவுதான். ஒரு இன்ஜின் இல்லை, ஒரு ஸ்பீக்கர் இல்லை. நூற்றுக்கு நூறு என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தால், ஊரில் பாதிப் பேர் எதிரே நின்று அவள் கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் முன்னால் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உடம்பு, மருந்துப் பெட்டி தொங்குகிற தோள். ஊர் அவரை நர்ஸம்மா என்றது. அவர் நர்ஸ் இல்லை. குழந்தைகளை எடை போட்டு, மாத்திரை கொடுத்து, பிரசவத்துக்குக் கூடப் போகிற சுகாதாரப் பணியாளர். ஆனால் மலைமேல் வெள்ளைத் துணி உடுத்துகிற ஒரே ஆள்.

"வாங்க, வாங்க. எப்ப வருவீங்கன்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஒத்தப் பொம்பளையா அனுப்பி வெச்சுட்டாங்களா?"

"இல்லைங்க, நான் சும்மா பாக்கத்தான்..."

"பாருங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க. அளக்க ஆள் வரும்னு இன்ஜினியர் ஐயா சொல்லித்தான் அனுப்பினாரு."

விஷயம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ரோட்டுக்காக இவர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அளக்க வரும் அதிகாரி என்று அவளை நினைத்துக்கொண்டார்கள். நான் அந்த ஆள் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கம்பெனியின் கட்டளை வாயைக் கட்டியது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. கூட்டத்தில் ஒருவர் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, தோள் துண்டால் துடைத்துப் போட்டார். எந்த ஆபீசிலும் நிற்க வைத்தே பேசி அனுப்பப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள் அவள். நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகு எழுந்து உண்மையைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

அன்று நர்ஸம்மா வீட்டில் தங்கினாள். ஒரே அறை. விட்டத்திலிருந்து குழந்தைகளை எடை போடும் தராசு தொங்கியது. சுவர் ஓரம் மாத்திரை அட்டைகள் அடுக்கிய தகரப் பெட்டி. கட்டிலில் மருமகள், வயிறு லேசாக மேடிட்டிருந்தது. மகன் நகரத்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். மருமகளைக் குழாயடி தாண்டி மாமியார் விடுவதில்லை.

"ஊருக்கெல்லாம் இவங்க நர்ஸு, எனக்கு மட்டும் போலீஸு" என்றாள் மருமகள்.

"ஆமாண்டி. ஜெயில்ல போட்டு மூணு வேளையும் சோறு போடுற போலீஸு" என்றார் நர்ஸம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நர்ஸம்மா, மருமகளை வைத்துக்கொண்டே, போன மழைக்காலத்தைப் பற்றிச் சொன்னார். முதல் பிரசவம். குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. டோலியில், அதாவது இரண்டு கழிகளுக்கு நடுவே நாற்காலியைக் கட்டி, கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளை வழியிலேயே போய்விட்டது. இன்னொரு தடவை அப்படி ஆனால் தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் எச்சரித்து அனுப்பினார். பொக்லைன் விட்டால் ஒரு சீசனுக்குள் ஜீப் ஏறும் அளவுக்கு மண்ரோடு வெட்டிவிடலாம் என்று இன்ஜினியர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்குள் அது வந்துவிட வேண்டும். இதற்காகவே அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்து தன் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்றிருந்தது, இப்போது ஆளே வந்துவிட்டதால் நிம்மதி.

"நீங்க வந்தது எனக்கு என்னமோ வயித்துல பால வாத்த மாதிரி இருக்கு, கண்ணு."

மறுநாள் பனி விலகியது. ஏறும்போது நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள், இறங்கும்போது நாங்கள் காட்டுகிறோம் என்று ஊர் ஆட்கள் கூட வந்தார்கள். காட்டுவது என்றால் வாயால் சொல்வது இல்லை. டோலியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நோயாளிக்குப் பதிலாக நாற்காலியில் ஒரு மீசைக்காரர் ஏறி உட்கார்ந்தார். ஊரிலேயே கனமான ஆள் அவர்தானாம். ஆபீசர் கண்ணால் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

"எனக்கு இது மூணாவது தடவை. ரெண்டு தடவை நிஜமாவே போனேன்" என்றார் மீசைக்காரர். "இன்னைக்குத்தான் வலி இல்லாம வேடிக்கை பாக்குறேன்."

அவள் அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். கண்ணை மறைக்கப் பனி இல்லாததால் அந்த வழி எப்படிப்பட்டது என்று இப்போதுதான் பார்த்தாள். அவள் தொழில் கற்றுக்கொடுத்த கண் அது. அதைத் திறந்த பிறகு மூடத் தெரியவில்லை. ஓடையின் மேல் ஒரு மரத்தைப் போட்டிருந்தார்கள். இதில் கால் வழுக்கி ஒரு தாத்தாவைப் போட்டுவிட்டோம், இடுப்பு போய்விட்டது என்றார்கள். அவளுக்கு மரத்துக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஓடும் தண்ணீர் தெரிந்தது. படம் எடுத்தாள். அதற்கும் கீழே பாறையைக் குடைந்த ஒரு விளிம்பு. ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே நாற்காலியைத் தோளிலிருந்து இறக்கி, கைமாற்றிக் கைமாற்றிப் பக்கவாட்டில் கொண்டுபோனார்கள். மீசைக்காரர் அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். மேகம் அவர்கள் காலுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதையும் படம் எடுத்தாள்.

விளிம்பைத் தாண்டினால் அகலமான ஒரு சப்பட்டைப் பாறை. தூக்குகிறவர்கள் மூச்சு வாங்க டோலியை இறக்கி வைக்கும் இடம். பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து விரிந்து கிடந்தது. காலை டீ குடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவள் மனசு தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டது.

"இங்கதான் பெரும்பாலும் போவாங்க" என்றார் நர்ஸம்மா. "விளிம்புல ஆடுற ஆட்டத்துல இருக்கிற கொஞ்சநஞ்ச தெம்பும் போயிடும். இறக்கி வெச்சுத் தண்ணி குடுத்தா, குடிக்க ஆள் இருக்காது. எம் பேரனும் இங்கதான்."

அவளுக்குத் தன் மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அடிவாரத்தில் எல்லாரும் கும்பிட்டார்கள். நர்ஸம்மா மட்டும் கும்பிடாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துச் சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேன்" என்றாள் அவள். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தாள்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். ஊர் சரிப்படாது என்று சொல்லிவிடுவது. அதோடு நிற்காமல், அண்ணனிடம் முழுக் கதையையும் சொல்லி உதவி கேட்பது. அவர் ஒரு போன் போட்டால் எந்த ஆபீசிலும் கதவு திறக்கும். ஒரு தடவை காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி வேண்டியிருந்தபோது, டீ ஆறுவதற்குள் வாங்கிவிட்டார். அந்த ஒரு போனை இந்த ஊருக்காகப் போடச் சொன்னால் என்ன? பெரியவர்களுக்கு விஷயம் தெரியாததால்தான் எதுவும் நடப்பதில்லை, தெரிந்தால் நடக்கும் என்று அவள் நம்பினாள். படித்துவிட்டு வெளியே வந்த முதல் தலைமுறைக்கு மட்டும் வருகிற வியாதி அது. நாலு தலைமுறையாக ஆபீசில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை எவனும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். பேரன் செத்த இடத்தைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்கு நல்ல மனசு என்றார். எந்த இன்ஜினியர், எந்த ஆபீஸ், மனு இப்போது யார் மேஜையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நர்ஸம்மா சொன்னது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம், ஒப்பித்தாள். படத்தைக் காட்டு என்றார். வழி எவ்வளவு மோசம் என்று அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு படமாகக் காட்டினாள். விளிம்பின் படம் வந்ததும் அவர் விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மாதிரி இடம்" என்றார் மெதுவாக.

அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். இரக்கப்படுகிறார் என்று நினைத்தாள்.

சில வாரம் கழித்து ஆபீசில் கேக் வெட்டினார்கள். மலை இளகின மண், ரோட்டைத் தாங்காது என்று இன்ஜினியர் மேலே எழுதிவிட்டாராம். இனி அங்கே ரோடு என்ற பேச்சே கிடையாது, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று அண்ணன் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கேக் துண்டோடு அவள் அண்ணன் அறைக்குள் போனாள். அங்கே பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டு ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னேனே என்றாள்.

"அதுக்கும் யோசிச்சிருக்கேம்மா. நல்ல மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம், நம்ம கம்பெனி பேரு போட்டு. நீ வந்து சொல்லலேன்னா இந்த மனு இருக்கிறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. உன்னை மறக்க மாட்டேன்."

மறக்கவில்லை. அன்றைக்கே வேலை நிரந்தரம் ஆனதற்கான உத்தரவைக் கையில் கொடுத்தார். அவள் அதை முகத்தில் விட்டெறியவில்லை. கதைகளில்தான் விட்டெறிவார்கள். அப்பாவுக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகெலும்பு நழுவி, நிமிர்ந்து நிற்க முடியாமல் இருந்தது. இந்த உத்தரவு இருந்தால் அப்பா அம்மாவுக்கும் கம்பெனி வைத்தியச் செலவு பார்க்கும். அவள் வாங்கிக்கொண்டாள். கேக்கையும் தின்றாள்.

மழை விட்டதும் முதல் குழு கிளம்பியது. ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் புது பூட்ஸ், கையில் ஊன்றுகோல், முதுகில் தண்ணீர்க் குழாய் வைத்த பை. முதல் பயணம் என்பதால் அண்ணனும் வந்தார். கௌரவ விருந்தாளியாக இன்ஜினியரும் முதுகில் மஞ்சள் பையோடு வந்தார். தொப்பை இறங்க நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார், காசில்லாமல் நடக்க இடம் கிடைத்தது என்று வேனில் அவரே சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேலே போனதும் நர்ஸம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், மருமகளை இப்போதே கீழே கூட்டி வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்க வைக்கச் சொல்ல வேண்டும், அறையைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

சப்பட்டைப் பாறையில் டீ குடித்தார்கள். ஒரு அம்மாள் கையை விரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக விளிம்பில் கால் வைத்தார்கள். அவள் முன்னால், அவளுக்கு அடுத்து இன்ஜினியர், கடைசியில் அண்ணன். முக்கால்வாசி தாண்டியிருப்பார்கள். மேலேயிருந்து ஆட்கள் இறங்குகிற சத்தமும், "வழி, வழி" என்ற குரலும் கேட்டன.

விளிம்பின் அந்தப் பக்கத்து முனையில் டோலி வந்து நின்றது.

நாற்காலியில் மருமகள். விழுந்துவிடாமல் இடுப்பைச் சுற்றிப் போர்வையால் கட்டியிருந்தார்கள். போர்வையின் கீழ்ப்பாதி நனைந்து கறுத்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நர்ஸம்மா அந்தத் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நின்றார். முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்ற இன்ஜினியரைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் சாகிற வரைக்கும் மறக்க முடியாது.

"ஐயா, நீங்களே வந்துட்டீங்களா?" என்றவர், மருமகளின் காதருகே குனிந்தார். "இந்தா பாரும்மா, ரோடு போட ஐயாவே நேர்ல வந்திருக்காரு. கண்ணத் தொறந்து பாரு." மருமகள் கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸம்மா அவள் பக்கம் திரும்பினார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க, கண்ணு."

அவள் இன்ஜினியரைக் கையால் காட்டினாள்.

"அவரு ரோடு போட வரலம்மா. ரோடு வேண்டாம்னு எழுதினவரு. இங்க சுற்றுலா வந்திருக்காரு. நான் ஆபீசரும் இல்ல. நீங்க சொன்னதையெல்லாம் நான்தான் போய்ச் சொன்னேன், அத வெச்சுத்தான் நிறுத்தினாங்க."

நர்ஸம்மா அவளையே பார்த்தார். காய்ச்சல் பார்க்கும் கருவியில் எத்தனை காட்டுகிறது என்று பார்க்கிற பார்வை.

"அத அப்புறம் கேக்கறேன்" என்றார். "மொதல்ல உன் ஆளுங்கள நகத்து."

நகர்த்துவது லேசாக இல்லை. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தாண்ட முடியாது. யாராவது ஒரு பக்கம் பின்வாங்க வேண்டும். பின்னாலிருந்து அண்ணன், நாம் முக்கால்வாசி வந்துவிட்டோம், அவர்கள் கொஞ்சம் மேலே ஏறி நின்றால் சுலபமாக முடியுமே என்று நிதானமாக யோசனை சொன்னார். வண்டி நிறுத்துகிற இடத்தில் பேசுகிற குரல். டோலியை அந்தச் சரிவில் மறுபடி மேலே ஏற்றித் திருப்புவதற்குள் என்ன ஆகும் என்று அவரிடம் விளக்க நேரமில்லை. பின்னால் போங்கள் என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். முன்னால் பார்த்து நடந்தவர்களுக்குப் பின்னால் கால் வைக்கத் தெரியவில்லை. ஒரு அம்மாள் அழ ஆரம்பித்தார். காசு கொடுத்து வந்தது இதற்குத்தானா என்று ஒருவர் கேட்டார். எல்லாரையும்விட மோசம் இன்ஜினியர்தான். பள்ளத்தைப் பார்த்துவிட்டார். பாறையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரைப் பிடித்தவர் பிடியை விடவே இல்லை. ஒரு நிமிஷம் என்றார், கொஞ்சம் பொறுங்கள் என்றார், தலை சுற்றுகிறது என்றார். இளகின மண் என்று அவர் எழுதிய மலை கல்லாய் நின்றது. இளகி நின்றது அவர்தான்.

அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக வேரிலிருந்து பிரித்தாள். மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையை நடத்துவது மாதிரி அடி அடியாகப் பின்னால் நடத்தினாள். அதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று அவள் பார்க்கவில்லை. டோலியில் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

கடைசியில் எல்லாரும் சப்பட்டைப் பாறையில் ஒதுங்கினார்கள். டோலி கைமாறிக் கைமாறி விளிம்பைத் தாண்டியது. தூக்குகிறவர்கள் வழக்கம்போல அங்கே இறக்கி வைக்கப் போனார்கள். நர்ஸம்மா மருமகளின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். கையை எடுத்துப் போர்வையை மேலே இழுத்துவிட்டார்.

"இறக்க வேணாம். நடங்க" என்றார்.

முன் பக்கம் தூக்கிய மீசைக்காரருக்குத் தோள் துவண்டது. அவள் போய் அந்தக் கழியின் கீழே தோளைக் கொடுத்தாள். அண்ணன் பின்னாலிருந்து, நீ எங்கே போகிறாய், குழுவை யார் பார்ப்பது என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. கழி தோள் எலும்பில் இறங்கியது. பாரம் என்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் அதைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. அண்ணன் இன்ஜினியரைக் கையைப் பிடித்து நடத்த, குழு மறுபடி விளிம்பில் ஏறி ஊரை நோக்கிப் போவது திருப்பத்தில் ஒரு தடவை தெரிந்தது. கலர் கலராகப் பைகள்.

ஊரிலிருந்து போன் போட்டு வரச் சொன்ன ஆம்புலன்ஸ் தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். மருமகளின் இமையை விலக்கிப் பார்த்தார். நர்ஸம்மாவை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"உயிர் இல்லம்மா."

"தெரியும். பாறையிலயே தெரியும்" என்றார் நர்ஸம்மா. "அங்க சொல்லியிருந்தா இவங்களுக்குக் கால் ஓடியிருக்காது. வயித்துல இருக்கிறதாவது பிழைக்கும்னு பாத்தேன்."

மீசைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றுக்குள் இருந்ததும் அடங்கிவிட்டதா என்று இன்னொருவர் கேட்டார். நர்ஸம்மா ஆமென்று தலையை ஆட்டினார். செத்தவர்களை ஏற்றிக்கொள்ள எங்களுக்கு உத்தரவு இல்லை என்று டிரைவர் நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டார். வேறு அழைப்பு வந்தது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. தூக்கி வந்த வழியிலேயே திரும்பத் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கழியில் கை வைத்தார்கள். நர்ஸம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் மருமகளின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை விலக்கி விலக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார். அது முடிந்ததும், தள்ளி நின்ற அவளைக் கூப்பிட்டார். பெயர் சொல்லி இல்லை, ஆபீசர் என்றும் இல்லை.

"ஏ பொண்ணே. அந்தாளு, அந்த இன்ஜினியரு, எத்தனை நாளு மேல இருப்பாரு?"

"நாலு நாள்னுதான் வந்தாங்க. ஆனா அவரு ரொம்பப் பயந்துட்டாரு. இன்னைக்கே இறங்கணும்னு நிப்பாரு."

"இறங்க வேற வழி இருக்கா?"

வழி கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இந்த மலையைச் சுற்றியும், பின்பக்கம் காட்டுக்குள்ளும், ஓடைப் போக்கிலும் வேறு வழி உண்டா என்று இந்தப் பயணத்துக்கு முன்னால், ஊரார் கண்ணில் படாமல், மூன்று தடவை வந்து தேடியிருந்தாள்.

"இல்லம்மா" என்றாள். "தேடிப் பாத்துட்டேன். இது ஒண்ணுதான்."

நர்ஸம்மா எழுந்தார். பாதை தார் ரோட்டைத் தொடுகிற இடத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒரு ஆள் அகலம். ஆட்களுக்கு அவர் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. நாலு பேரும் நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் அந்த இடைவெளியில், மலையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். சரிந்த தலையை நேராக நிமிர்த்தி, போர்வையை நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். நர்ஸம்மா மருமகளின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே பாதையைப் பார்த்தாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முதல் திருப்பத்துக்கு மேலே, புதருக்கு நடுவில், ஒரு மஞ்சள் பை தெரிந்தது.